இடையன்குடி கோயில், தேரிக்காடு: நடந்தே பார்க்க முடியுமா?

நடைவண்டி:
எல்லாருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூர். மார்ச் மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி வருகிறேன். பந்தி முடிந்த பிறகு ஒன்றரை நாள் கையில் இருக்கிறது. குற்றாலம் வேண்டாம், மார்ச்சில் அங்கே பாறையைத்தான் பார்க்க வேண்டும். பாதிரியார் கால்டுவெல் கட்டிய இடையன்குடி கோயிலைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

ஆனால் காரில் போய் இறங்கி, போட்டோ எடுத்து, ஏறி வருவதில் எனக்கு விருப்பமில்லை. ஊரைச் சுற்றி நடக்க வேண்டும். மேப்பில் பார்த்தால் ஊருக்கும் கடலுக்கும் நடுவே சிவப்பாக ஒரு பரப்பு தெரிகிறது. அதுதான் தேரியா? அதன் வழியாக உவரி வரை நடக்க முடியுமா? கோயிலுக்குள் வெளியாள் போகலாமா? வீட்டுக்காரி நடக்க மாட்டாள், கல்யாண வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் தனியாள்தான்.

கார்க்காரன்:
நான் போயிருக்கிறேன். இருபது நிமிட வேலை. கோயில், கல்லறை, அவர் இருந்த வீடு, அவ்வளவுதான். அதே காரில் மணப்பாடும் உவரியும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திருநெல்வேலி திரும்பிவிடலாம். அந்த வெயிலில் யாராவது நடப்பார்களா சார்?

தேரிக்காற்று:
நடைவண்டி அண்ணாச்சி, எனக்கு அந்தப் பக்கம்தான், இப்போது பிழைப்பு சென்னையில். தாராளமாக நடக்கலாம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

முதலில் பேச்சுவழக்கு. எங்கள் ஊரில் சர்ச் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கோயில்தான். குருவானவர் எங்களுக்கு ‘ஐயர்’. ரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர், இன்றைக்கு இருக்கிற சேகரத்து ஐயர் வரை எல்லாரும் ஐயர்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்து, “ஐயர் வீட்டில் கேளுங்க” என்று யாராவது சொன்னால் பூணூலைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். என் கூடப் படித்த பையன் ஒருவன் அப்படித்தான் நின்றான்.

போகிற வழி: திருநெல்வேலியிலிருந்து திசையன்விளைக்கு பஸ் இருக்கிறது. அங்கிருந்து உள்ளூர் பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள். கோயில் எப்போதும் திறந்திருக்காது. பக்கத்தில் யாரிடமாவது மரியாதையாகக் கேட்டால் சாவி வரும். ஞாயிறு காலையில் போனால் ஆராதனை நடக்கும். அப்போது கேமராவைத் தூக்கிக்கொண்டு நடுவில் நடக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

தேரி என்பது மணல் மேடு. சும்மா மணல் இல்லை, செங்கல்லை இடித்துக் கொட்டியது போன்ற சிவப்பு. மணல் துகள் மேல் இரும்புத் துரு பூசியது போலப் படிந்திருப்பதுதான் அந்த நிறம். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று கிளம்பி வந்து மணலை வாரி அடிக்கும். ஒரு வருஷம் பார்த்த மேடு அடுத்த வருஷம் தள்ளி நிற்கும். தோட்டத்து வேலியெல்லாம் மணலுக்குள் போய்விடும் என்று எங்கள் தாத்தா சொல்வார். மணலைக் கட்டிப்போடத்தான் பனையும் கொல்லாமரமும் வைத்தார்கள். கொல்லாமரம் என்றால் முந்திரி.

காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கி ஒன்பதரைக்குள் மணலை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அந்த மணலில் கால் வைக்க முடியாது. தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். உடைமுள் செருப்பைத் துளைத்துவிடும்.

இன்னொன்று. ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். மணலுக்குள் விட்டு எடுத்தால் கறுப்புப் பொடி மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். சின்ன வயதில் எங்களுக்கு அதுதான் விளையாட்டு.

பழைய_ஏடு:
‘கால்டுவெல் கட்டிய கோயில்’ என்று எல்லாரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். 1847ல் தொடங்கிய வேலை, 1880ல்தான் பிரதிஷ்டை. முப்பத்து மூன்று வருஷம்! இடையில் அவர் சீமைக்குப் போய், 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலை வெளியிட்டு, திரும்பி வந்து, 1875ல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்து, 1877ல் பிஷப்பும் ஆகிவிட்டார். கோயில் வேலை அப்போதும் முடியவில்லை. அதே 1877ல்தான் பெரிய பஞ்சம்.

காசு கிடைக்கும்போது கொஞ்சம், கிடைக்காதபோது நிறுத்தம். இந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் கூர்முனை வளைவைப் பார்த்ததே இல்லை. அதனால் கால்டுவெல்லே களிமண்ணில் மாதிரி செய்து காட்டி, அதைப் பார்த்துக் கல்லில் செதுக்கினார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

நடந்து பார்க்க வேண்டும் என்கிறீர்களே, அதற்கும் பொருத்தம் இருக்கிறது. 1838 ஜனவரியில் சென்னைக்கு வந்த கால்டுவெல், 1841ல் திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே வந்தவர். நேர்வழியும் இல்லை. தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, கோயம்புத்தூர், மதுரை என்று ஊர் ஊராகச் சுற்றி, ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்து, அந்த வருஷக் கடைசியில் இடையன்குடி சேர்ந்தார். உங்கள் ஊர் வழியாகத்தான் வந்திருக்கிறார், நடைவண்டி.

ஊருக்குள் தெருக்களையும் கவனியுங்கள். நேர்க்கோடு போட்ட மாதிரி இருக்கும். நிலத்தை வாங்கி, தெருவை அளந்து, கிணறு வெட்டி, மரம் வைத்து அவர் திட்டமிட்ட ஊர் அது.

கார்க்காரன்:
இதெல்லாம் அங்கே ஒரு பலகையில்கூட இப்படி எழுதி வைக்கவில்லையே. எழுதியிருந்தால் நானும் அரை மணி நேரம் கூட நின்றிருப்பேன்.

ஓலைப்பெட்டி:
எனக்குப் பிறந்த வீடு சாத்தான்குளம் பக்கம், இப்போது மும்பை. மார்ச் நல்ல மாதம்தான் தம்பி, பதநீர் இறங்க ஆரம்பித்திருக்கும். காலையிலேயே குடித்துவிட வேண்டும். ரோட்டோரம் வெயில் ஏறின பிறகு டிரம்மில் வைத்து விற்பதை வாங்காதீர்கள், அதில் பாதி சீனித் தண்ணீர்.

எல்லாரும் கால்டுவெல் என்கிறீர்கள், எலைசா அம்மாவை யாருமே சொல்லவில்லையே. நாகர்கோவிலில் மிஷனரியாக இருந்த மால்ட் ஐயரின் மகள். 1844ல் கல்யாணம். இங்கேயே வளர்ந்த பெண், தமிழ் தெரியும். இடையன்குடியில் பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பனையேறி வீட்டுப் பெண்ணின் கையில் அவளே சம்பாதித்த காசு என்று ஒன்று முதலில் வந்தது அந்த லேஸில்தான் என்று எங்கள் ஆச்சி சொல்வாள். ஆச்சி பின்னிய ஒரு தலையணை உறை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. உபயோகிக்க மனசு வரவில்லை.

பழைய_ஏடு:
ஓலைப்பெட்டி அக்கா, தப்பு என்னுடையதுதான். முதலில் அவரைச் சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்க்காற்று:
இழை முழுக்க ஒரே பூமாலையாக இருக்கிறது. இரண்டு விஷயம் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். ஒன்று, தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816லேயே சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எழுதிவிட்டார். கால்டுவெல் பிறந்ததே 1814ல்தான். இரண்டு, 1849ல் இதே பனையேறும் ஜனங்களைப் பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். யாருடைய உழைப்பில் அந்தக் கோயில் எழுந்ததோ அவர்களையே தாழ்த்தி எழுதியது. அதற்கு எதிர்ப்பு கிளம்பியது, பிற்காலத்தில் புழக்கத்திலிருந்தும் விலக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் சுற்றுலா போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேரிக்காற்று:
இதை எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை அண்ணாச்சி. எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி உண்டு. தாத்தா கால்டுவெல் ஐயர் என்றால் எழுந்து நிற்பார். சித்தப்பா அந்த நூலைச் சொல்லிச் சண்டை பிடிப்பார். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து கோயில் விருந்தான அசனச் சாப்பாட்டுக்குப் போவார்கள்.

பழைய_ஏடு:
எதிர்க்காற்று சொன்ன இரண்டுமே சரி. எல்லிஸ் தொடங்கிவைத்தார், இலக்கணத்தை ஒவ்வொரு மொழியாக எடுத்து வைத்து விரிவாக நிறுவியது கால்டுவெல். நூல் விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். இதே ஜனங்களில் ஒருவரான சட்டாம்பிள்ளை மிஷனரிகளோடு மோதிக்கொண்டு 1857ல் பிரகாசபுரத்தில் வெளிநாட்டுக் காசு வாங்காத தனிச் சபையையே தொடங்கினார். சனிக்கிழமைதான் ஓய்வுநாள் என்று வைத்த சபை அது. அதனால் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு கல் சுமந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம்.

நடைவண்டி:
போய்விட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாள், சனிக்கிழமை, மத்தியான பஸ்ஸில் திசையன்விளை போய் இறங்கினேன். அறை போட்டு, சாயங்காலம் நாலரைக்கு இடையன்குடி. கோயில் பூட்டியிருந்தது. எதிரே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். “எங்கேருந்து?” என்றார். கோயம்புத்தூர் என்றேன். “அவ்வளவு தூரமா?” என்று எழுந்து உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு சாவியோடு வந்தார். எனக்குக் கோயிலைக் காட்ட அவர் சட்டை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மாற்றினார்.

உள்ளே போனதும் முதலில் தெரிந்தது குளிர்ச்சி. வெளியே முப்பத்தைந்து டிகிரி இருக்கும், உள்ளே தரையில் கால் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. வளைவுகள் எல்லாம் மேலே போய்க் கூராக முடிகின்றன. பெரியவர் ஒரு தூணில் என் கையைப் பிடித்து வைத்தார். தடவிப் பார்த்தால் உளி போன தடம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. “மிஷின் வேலை இல்லைல்லா” என்றார். களிமண் மாதிரிக் கதையை நான் கேட்காமலே சொன்னார், பழைய ஏடு எழுதியது போலவே.

பீடத்தின் கீழே கால்டுவெல்லின் அடக்கம். 1891ல் கொடைக்கானலில் இறந்தவரை அங்கிருந்து இறக்கி இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சாலையில் அது எத்தனை நாள் பயணமாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். ஐந்தரைக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் மறுநாள் ஆராதனைக்குப் பாட்டு ஒத்திகைக்காக வந்தார்கள். பெரியவர் என்னைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னார். ஒரே கீர்த்தனையின் ஒரே அடியை ஆறு தடவை பாடினார்கள். ஆறாவது தடவையும் ஒரு பையன் முந்திக்கொண்டான். கல்லில் மோதி அவன் குரல் மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவனும்தான்.

கால்டுவெல் இருந்த வீட்டை 2011ல் அரசு நினைவு இல்லமாக்கியிருக்கிறது. நான் போன நேரம் மூடிவிட்டார்கள். வெளியே நின்று பார்த்ததோடு சரி.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு நடை. ஊர் முடிகிற இடத்தில் பனை தொடங்கிவிடுகிறது. இருட்டு முழுதாக விலகவில்லை. எங்கோ மேலே இருந்து ‘டொக் டொக்’ என்று சத்தம். அண்ணாந்து பார்த்தால் மரத்து உச்சியில் ஒருவர் பாளையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். இறங்கும்போது நெஞ்சை மரத்தோடு ஒட்டிக்கொண்டு, கால் தளையை உதறி உதறி, படி இறங்குகிற மாதிரி வந்தார். இடுப்பில் அருவாள் பெட்டி. நெஞ்சுத் தோல் காய்த்துப்போயிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்று கேட்டேன். “முப்பது. சாயங்காலம் மறுபடி ஏறணும், பாளை சீவ.” அதாவது அறுபது தடவை ஏற்றம். எனக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

பதநீர் குடிக்க ஓலையில் பட்டை மடித்துக் கொடுத்தார். நான் பிடித்த லட்சணத்தில் பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டேன். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமாம். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் இதுவே கள்ளாகிவிடும் என்றார். சுண்ணாம்பு வாசனையும் ஓலை வாசனையும் சேர்ந்து ஒரு இனிப்பு. ஓலைப்பெட்டி அக்கா, நீங்கள் சொன்னது சரி, இதுவரை நான் ரோட்டில் குடித்தது எதுவும் பதநீர் இல்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு ஓலைக் குடிசை. விடிலி என்கிறார்கள். அவர் மனைவி அங்கே பெரிய தாச்சியில் காய்ச்சிக்கொண்டிருந்தார். நுரை பொங்கி விளிம்புக்கு வருகிற நேரம் பார்த்து, நசுக்கிய ஆமணக்கு முத்தில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். அவ்வளவு நுரையும் சொன்ன பேச்சைக் கேட்டது போல அடங்கிவிட்டது. பாகு பதம் வந்ததும் ஈரச் சிரட்டையில் ஊற்றி ஆறவிட வேண்டும், கவிழ்த்தால் கருப்பட்டி. எட்டுப் பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ தேறும் என்றார்.

நேற்றுக் கோயில் தூணில் கை வைத்தபோது, இதைக் கட்ட ஏன் முப்பத்து மூன்று வருஷம் என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. அந்தத் தாச்சி முன்னால் நின்றபோது, ஊர்க் காணிக்கை எந்த வேகத்தில் சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சீமைப் பணமும் வந்திருக்கும்தான். ஆனால் சுற்றிலும் இருந்த ஜனங்களுக்குப் பனை ஒன்றுதான் வருமானம். கார்க்காரன் சார், இருபது நிமிடத்தில் உங்களுக்கு விட்டுப்போனது இதுதான்.

இனி நடந்த கூத்து. தேரிக்குள் ஏறினேன். சூரியன் எழும்பியதும் மணல் நிறம் மாறுகிறது, முதலில் மங்கின காவி, அப்புறம் நல்ல ரத்தச் சிவப்பு. குடை விரித்தது போல உச்சி தட்டையாக உடைமரங்கள். ராத்திரி ஓடிய ஏதோ பூச்சியின் தடம் தையல் போட்டது போல மணலில் நீளமாகப் போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனதில் பாதையை விட்டுவிட்டேன். ஒரு மேடு ஏறினால் அதே மாதிரி இன்னொரு மேடு. போனில் சிக்னல் இல்லை. ஷூ போடச் சொன்னீர்கள், நான் கல்யாணத்துக்குப் போட்டுவந்த செருப்போடு போயிருந்தேன். வார் அறுந்தது. வெறுங்காலில் பத்து அடி, முள் ஏறிவிட்டது. எட்டேகால் மணிக்கே மணல் சுட ஆரம்பித்துவிட்டது. கொல்லாமரத்தடியில் உட்கார்ந்து சட்டை ஊக்கால் முள்ளைக் குடைந்துகொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிற ஒரு அம்மா வந்தார். என் காலைப் பார்த்தார், அறுந்த செருப்பைப் பார்த்தார். “கோயில் பாக்க வந்தவனுக்கு இங்க என்னய்யா வேல?” என்று கேட்டுவிட்டு, பனைநாரைக் கிழித்து வாரைக் கட்டிக் கொடுத்தார். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

நாரால் கட்டிய செருப்போடுதான் உவரி வரை நடந்தேன். தார்ச்சாலை வந்த பிறகு சிரமமில்லை. அங்கே சுயம்புலிங்க சுவாமி கோயில் கடற்கரையில் நேர்த்திக்கடனுக்காக ஜனங்கள் கடல்மண்ணை ஓலைப்பெட்டியில் சுமந்து வந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதே கரையில் கப்பல் வடிவத்தில் மாதா கோயில், மேலே ஒரு விமானம். அந்தோணியார் கோயிலிலும் நல்ல கூட்டம். மூன்றையும் பார்த்துவிட்டு ஒரு கடையில் மீன் குழம்புச் சாப்பாடு, அப்புறம் பஸ்.

காந்தம் கொண்டுபோக மறந்துவிட்டேன்.

தேரிக்காற்று:
அண்ணாச்சி, ஷூ போடச் சொல்லி அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேனே! நல்லவேளை அந்த அம்மா வந்தார். தனியாக ஏறுகிறீர்கள் என்றால் ஊரில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அடுத்து இதைப் படித்துப் போகிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

பழைய_ஏடு:
மணலில் சின்னச் சின்னக் கல் சில்லுகள் கண்ணில் பட்டனவா? தேரி மேடுகளில் கற்கால ஆட்களின் நுண்கருவிகள் கிடைத்திருக்கின்றன. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் பார்த்து, 1956ல் சாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பார்த்தால் எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

நடைவண்டி:
நான் பார்த்த ஒரே கூரான பொருள் முள்தான்.

எதிர்க்காற்று:
நல்ல பதிவு. நான் எழுதியதைப் பெரியவரிடம் கேட்டீர்களா?

நடைவண்டி:
கேட்டேன். சாவியைப் பூட்டில் திருப்பிக்கொண்டே, “எழுதினாரு. தப்புதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க பாட்டன் கல் சுமந்தாரு. அது யாரும் எழுதல” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கார்க்காரன்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். நடக்க முடியுமா?

ஓலைப்பெட்டி:
மே மாதம் பிள்ளைகளோடு தேரியில் நடப்பதா! விடிலி வரைக்கும் கூட்டிப்போய்ப் பதநீரும் நுங்கும் வாங்கிக் கொடுங்கள், போதும். காலை ஏழு மணிக்குள் போங்கள். பட்டை பிடிக்கிற விதத்தை வீட்டிலேயே தண்ணீர் ஊற்றிப் பழக்கிவிடுங்கள், நடைவண்டித் தம்பி மாதிரி சட்டையில் ஊற்றிக்கொள்ளாமல் இருக்கட்டும்.

தேரிக்காற்று:
காந்தத்தை மறக்க வேண்டாம் அண்ணாச்சி. பிள்ளைகள் மணலை விட்டு எழுந்து வர மாட்டார்கள்.